மல்லிக் பஜாரில் எண்ணெய் ஜோசியம்

மழை, மஞ்சள் டாக்சி, பின் அச்சுக்குள் ஊறிக்கிடக்கும் எண்ணெய். மூன்றும் சந்திக்கும் கொல்கத்தாச் சந்தொன்றில் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் கைத்தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கொல்கத்தாவின் பார்க் தெருவை வெளியூர்க்காரர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். சௌரங்கிப் பக்கத்து முனையில் கேக் கடை, மதுபான விடுதி, கிறிஸ்துமஸ் விளக்கு. அதோடு திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் இந்தத் தெருவுக்கு ஒரு காலத்தில் இடுகாட்டுச் சாலை என்று பெயர் இருந்த காரணம் புரியும். 1767இல் திறந்த கல்லறைத் தோட்டம் வருகிறது. காளிதாசனின் சாகுந்தலத்தை 1789இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன வில்லியம் ஜோன்ஸ் இங்கேதான் ஓர் உயரமான ஸ்தூபிக்குக் கீழே கிடக்கிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகவேண்டிய இடம். இன்னும் சில நிமிடம் நடந்து ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையைத் தொட்டால் இன்னொரு கல்லறை. சென்னையில் எட்டு வருடம் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் காலம் தள்ளி, பிறகு வங்கக் கவிதையையே மாற்றியமைத்த மைக்கேல் மதுசூதன் தத்தர் உறங்குவது அங்கே.

அந்த நாற்சந்தியில்தான் மல்லிக் பஜார் ஆரம்பிக்கிறது. அதுவும் ஒரு கல்லறைதான். ஆனால் இங்கே இறந்தவை மறுபிறவி எடுக்கின்றன.

ஓடி ஓய்ந்த கார்கள் இங்கே கதவு தனி, கண்ணாடி தனி, இன்ஜின் தனி என்று பிரிந்துபோகின்றன. ஒரு கடையில் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும். அடுத்ததில் ரேடியேட்டர் மட்டும். லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் விறகுபோல் அடுக்கியிருக்கின்றன. கியர்பாக்ஸ்கள் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து, காலை வெயிலில் எண்ணெய் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. நடக்கிறவர்கள் செருப்பைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். இந்தி, உருது, வங்காளி மூன்றும் கலந்த பேரம் காதில் விழுகிறது. கொஞ்சம் உள்ளே போனால் முழு நீளப் பின் அச்சுகள் சுவரில் சாய்ந்து நிற்கும். நடுவில் தொப்பை, இரண்டு பக்கமும் குழாய்க் கைகள். அந்தத் தொப்பைதான் டிஃபரன்ஷியல்.

இங்கே கிடக்கும் தொப்பைகளில் பெரும்பாலானவை அம்பாசடரின் தொப்பைகள். ஆச்சரியமில்லை. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளியின் மறுகரையில் உள்ள உத்தர்பாராவில்தான் அந்த வண்டி பிறந்தது. 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1948இல் அங்கே குடியேறியது. ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, 1950களின் கடைசியில் அம்பாசடரை இறக்கியது. தொழிற்சாலைக்கென்றே ஒரு ரயில் நிலையம் வந்தது. ஹிந்த் மோட்டார் என்ற பெயருடன் அது இன்றும் இருக்கிறது. தொழிற்சாலைதான் ஓடவில்லை. 2014 மே 24ஆம் தேதி வேலை நின்றது. 2017இல் அம்பாசடர் என்ற பெயரையே ஃபிரெஞ்சு நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

கொல்கத்தாவில் டாக்சிக்கு ஆயுள் 15 வருடம். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட உத்தரவு. கூட்டிப் பார்த்தால் கணக்கு எளிது. 2014இல் பிறந்த கடைசிப் பிள்ளைக்கும் 2029இல் பெர்மிட் முடிகிறது. அதுவரைக்கும்தான் அம்பாசடர் டாக்சி. மிச்சமிருக்கும் மஞ்சள் வண்டிகளில் செலவு செய்யலாமா, வேண்டாமா என்பது அவற்றை ஓட்டிப் பிழைக்கும் மனிதர்களுக்கு ஒவ்வொரு மாதமும் எழும் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சில சமயம் ஒரு கரண்டி எண்ணெயில் இருக்கிறது.

தண்ணீர் நகரம்

மழைக்காலக் கொல்கத்தாவுக்கு ஒரு சொல் போதும்: ‘ஜொல் ஜொமா’. தண்ணீர் தேங்கல். தந்தானியா, கல்லூரித் தெரு, ஆம்ஹர்ஸ்ட் தெரு, சென்ட்ரல் அவென்யூ என்று பட்டியல் வருடா வருடம் மாறுவதில்லை. நகரத்தின் மேற்கே ஹூக்ளி இருந்தாலும் நிலம் சரிவது கிழக்கே, சதுப்பு நிலத்தைப் பார்த்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடைகளும் அந்தச் சரிவை நம்பித்தான் ஓடுகின்றன. நதிப் பக்கத்து மதகுகளை வேலியேற்றத்தின்போது மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். மழையும் வேலியேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கல்லூரித் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போயின.

அந்த மாதிரி நாட்களில் தெருவில் தைரியமாகப் போகிறவை இரண்டுதான். ஒன்று கை ரிக்‌ஷா. இன்னொன்று அம்பாசடர். உயரமான, கனமான உடம்பு. முழங்கால் தண்ணீரிலும் உறுமிக்கொண்டு போய்விடும். ஆனால் பின் அச்சு அந்தத் தண்ணீருக்குள் முழுகித்தான் போகிறது. சவாரி முடிந்து கூலி கைக்கு வந்துவிடும். வட்டி பிறகுதான் தெரியும்.

எப்படி? டிஃபரன்ஷியல் மூடிய பெட்டி. ஓடும்போது உள்ளே பற்சக்கரங்கள் உரசி எண்ணெய் சூடாகும். மேலேயுள்ள காற்று விரியும். விரிந்த காற்று வெளியே போக, ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழல் உண்டு. பிரீதர் என்பார்கள். சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்குக் கீழே இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் இன்னும் மோசம்: சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெயை ஆயில் சீல் வழியே வெளியே தள்ளும், குளிரும்போது அதே சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். போகவும் வரவும் ஒரே திருட்டு வழி.

உள்ளே நடப்பது என்ன?

இன்ஜின் சுற்றும் சுற்று நீளவாக்கில் வருகிறது. சக்கரங்கள் சுற்றவேண்டியது குறுக்குவாக்கில். இந்தத் திருப்பத்தைச் செய்கிற ஜோடிதான் கிரவுன் வீலும் பினியனும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதும் அவைதான். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள் சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக் கொடுக்க உள்ளே இன்னும் நாலைந்து சின்னச் சக்கரங்கள். டிஃபரன்ஷியல் என்ற பெயரே அந்த வித்தியாசத்திலிருந்து வந்ததுதான்.

பெரும்பாலான பின் அச்சுகளில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளியிருக்கும். இது ஹைப்பாய்டு வகை. சத்தம் குறையும், பலம் கூடும். ஆனால் பல்லோடு பல் உருளுவது மட்டுமல்ல, வழுக்கி இழுபடவும் செய்கிறது. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஈ.பி. கியர் ஆயில். பல்லின் மேல் அவை ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்பை இரும்பு கடிக்காமல் காக்கின்றன. தொண்ணூறு நம்பர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகல் வாடை அந்தக் கந்தகத்தினுடையது. அது கெட்டுப்போன எண்ணெயின் வாடையல்ல, புதுசின் வாடை.

தண்ணீர் கலந்தால் இந்தக் காவல் தளர்கிறது. எண்ணெயின் படலம் மெலிகிறது. வண்டி நின்றிருக்கும் இரவுகளில் பேரிங் உருளைகளில் துருப் புள்ளி விழுகிறது. மறுநாள் அந்தப் புள்ளிதான் குழியாகிறது. குழி சத்தமாகிறது. சத்தம் செலவாகிறது.

ஒரு டாக்சியும் ஒரு கரண்டியும்

மல்லிக் பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு மிஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அவர் பெயரையும் பத்திரிகையில் போடக்கூடாது என்கிறார். பெயர் வந்தால் வாடகை ஏறுமாம். எல்லோருக்கும் அவர் சாச்சா. ஒரு பிற்பகலில் அவரிடம் வந்து நின்றது ஒரு மஞ்சள் அம்பாசடர். ஓட்டுபவர் பீகார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். இந்த ஊர் டாக்சி ஓட்டுனர்களில் கணிசமானவர்களைப்போல் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவர். வண்டி 2013இல் பதிவானது. இன்னும் இருப்பது கொஞ்ச காலம்தான்.

புகார் இதுதான்: மழைக்குப் பிறகு பின்னால் ஒரு கூவல். ஒரு கடையில் காட்டினாராம். கிரவுன்-பினியன் செட்டையே மாற்றவேண்டும் என்றார்களாம். “சாச்சா, நீங்கள் சொல்லுங்கள். செட் மாற்றினால் பொண்ணு கல்யாணக் காசில் கை வைக்கணும். மாற்றாவிட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும்” என்றார்.

சாச்சா உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். கூவல் எப்போது வருகிறது என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்ததும் வேறு குரல் என்று மாறினால் சந்தேகம் கிரவுன்-பினியன் மேல். மிதித்தாலும் விட்டாலும் வேகத்துக்கு ஏற்ப ஒரே மாதிரி முனகினால் பேரிங் மேல். வளைவில் மட்டும் சத்தம் என்றால் உள்ளேயுள்ள சின்னச் சக்கரங்கள் மேல். இந்த வண்டி வேகத்துக்கு ஏற்ப லேசாக முனகியது. பல் கடிக்கும் சத்தமில்லை.

திரும்பி வந்து சமதரையில் நிறுத்தினார்கள். அடுத்தபடி அவர் செய்ததை எந்த ஊர் மெக்கானிக்கும் செய்யவேண்டும்: கீழேயுள்ள டிரெய்ன் பிளக்கைத் தொடாமல், முதலில் மேலேயுள்ள ஃபில்லர் பிளக்கைத் திறந்தார். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி எண்ணெயில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். வரிசை மாறினால் பிழைப்பு போய்விடும்.

ஃபில்லர் துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். எண்ணெய் துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். இங்கே விளிம்பையும் தாண்டி வழிந்தது. ஊற்றாத எண்ணெய் எப்படிக் கூடும்? வந்தது எண்ணெய் இல்லை என்பதற்கு அதுவே முதல் துப்பு. பிறகு கீழ் பிளக்கைத் தளர்த்தி ஒரு வெள்ளை எனாமல் தட்டில் பிடித்தார். தேன் நிறத்தில் வரவேண்டியது பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில் கொழகொழவென்று வந்து விழுந்தது.

“டீ ஆகிவிட்டது பையா” என்றார் சாச்சா.

நம்மூர் மெக்கானிக்குகளுக்குப் பாலும் மோரும்தான் உவமை. இங்கே டீ. நிறம் ஒன்றுதான், ஊருக்கு ஊர் அடுப்படி வேறு.

நிறங்களின் அகராதி

அந்தத் தட்டை வைத்துக்கொண்டு சாச்சா சொன்னவையும், நல்ல கேரேஜ்களில் எல்லோரும் ஒப்புக்கொள்பவையும் சேர்ந்தால் ஒரு சின்ன அகராதியே தேறும்.

தேன் நிறம், அல்லது அதைவிடச் சற்று இருண்ட பழுப்பு: கவலை வேண்டாம். வயதானால் எண்ணெய் கறுக்கும். அது நோயல்ல, மூப்பு. மாற்றவேண்டிய காலம் வந்தால் மாற்றிவிடலாம்.

கருகிய வாடையோடு கன்னங்கரேல்: எண்ணெய் வெந்திருக்கிறது. அளவு குறைந்து ஓடியிருக்கலாம், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கலாம், பேரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம். எண்ணெயை மாற்றுவதோடு நிற்கக்கூடாது, வெந்த காரணத்தைத் தேடவேண்டும்.

பால் கலந்த நிறம்: தண்ணீர். எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை.

செம்பழுப்பு, துருச் சேறு: தண்ணீர் நேற்று வந்ததல்ல, ரொம்ப நாளாகக் குடியிருக்கிறது. பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சாம்பல் நிறத்தில் விபூதி குழைத்ததுபோல: இரும்புத் தேய்மானம். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய பூஞ்சைபோல ஒட்டியிருப்பது சகஜம்தான். விரலில் தேய்த்தால் மாவுபோல வழுக்கவேண்டும். நறநறத்தால் சங்கதி வேறு. செதில், சில்லு, பல்லின் துண்டு வந்தால் அன்றே வண்டியைத் திறக்கவேண்டும்.

பொன் மினுமினுப்பு: காந்தத்தில் ஒட்டாது. உள்ளே வெண்கலத்தில் செய்த வாஷர்கள் தேய்கின்றன என்று பொருள். வெள்ளி மினுமினுப்பாக இருந்து காந்தத்தில் ஒட்டினால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது.

இந்த அகராதிக்கும் விதிவிலக்கு உண்டு. சில எண்ணெய்களில் மாலிப்டினம் கலந்திருப்பார்கள்; டப்பாவிலேயே அது கறுப்பு-சாம்பலாகத்தான் இருக்கும். சில கம்பெனிகள் சாயம் சேர்க்கும். முன்பு ஊற்றியது என்ன என்று தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் நிரபராதி தூக்கில் தொங்குவார். நிறம் முதல் சாட்சி. ஒரே சாட்சி அல்ல.

ஆகவே மற்ற சாட்சிகளையும் விசாரிக்கவேண்டும். மூக்கு ஒரு சாட்சி. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் இன்னொன்று. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எண்ணெயை இரவு முழுக்க நிற்கவைத்தால் தண்ணீர் அடியில் தனியாக இறங்கும். ஆனால் பற்சக்கரம் நன்றாகக் கடைந்துவிட்டால் மோர்போல ஒன்றிப்போய்ப் பிரியாமலும் இருக்கும். அதற்கு சாச்சாவிடம் ஒரு வழி உண்டு. ஸ்டவ்வின் மேல் தகரத் தட்டைக் காயவைத்து, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விட்டார். தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்றது. சுத்தமான எண்ணெயாக இருந்தால் சத்தமில்லாமல் பரவிப் புகைந்திருக்கும். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் முதல்கட்டச் சோதனையாக இதைச் செய்கிறார்கள். சாச்சாவுக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

தீர்ப்பு

எண்ணெய் முழுதும் வடிந்தபின் பிளக்கைத் துடைத்துப் பார்த்தார். மெல்லிய சாம்பல் மாவு. சில்லு இல்லை, செதில் இல்லை. தட்டின் அடியில் காந்தத்தை ஓட்டினார். மாவுதான் நகர்ந்தது. பிறகு ஹவுசிங்கின் மேலே கைவிட்டுத் தடவி, பிரீதரைக் கழற்றினார். உள்ளே களிமண் கெட்டிப்பட்டிருந்தது. அதன்மேல் எப்போதோ அடித்த பெயிண்ட் ஒரு மூடிபோல. மூச்சுக்குழலைப் பெயிண்ட் அடித்தே மூடியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கர முனையில் ஆயில் சீல் ஈரமாக இருந்தது. நோயின் மூலம் கிடைத்துவிட்டது.

கிரவுன்-பினியனைக் கழற்றிப் பார்க்காமல் நம்பிவிடலாமா? இங்கேதான் அந்த மனிதரின் பணமும் மற்றவரின் தொழிலும் மோதுகின்றன. அம்பாசடரில் அந்தப் பாகத்தை முன்பக்கமாக மொத்தமாக வெளியே எடுக்கலாம். அதற்கே பாதி நாள் வேலை. சாச்சா எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார், கூலியைப் பாதியாக்கிக்கொண்டு. காரணத்தையும் சொன்னார்: தண்ணீர் இருந்த அச்சில் பேரிங்கைப் பார்க்காமல் மூடினால் தூக்கம் வராது.

பல்லின்மேல் செந்தூரத்தைக் குழைத்துப் பூசிச் சுற்றினார். பல் எங்கே உரசுகிறதோ அங்கே சாயம் அழியும். உரசல் பல்லின் நடுவில் விழுந்தால் பொருத்தம் சரி. நுனியிலோ அடியிலோ ஓரத்திலோ ஒதுங்கினால் கோளாறு. இதில் நடுவில்தான் விழுந்தது. ஒரு பேரிங்கில் மட்டும் துருக் குழிகள். கூவலுக்குச் சொந்தக்காரர் அதுதான். செட் மாற்றவேண்டியதில்லை. ஒரு பேரிங், இரண்டு சீல், ஒரு பிரீதர், புது எண்ணெய். அவ்வளவே.

அந்த முதல் கடையின் யோசனைப்படி பழைய செட் ஒன்றை இதே பஜாரில் வாங்கியிருந்தால்? கிரவுனும் பினியனும் கணவன் மனைவி மாதிரி. தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தி, ஒரே எண்ணைக் குத்தி அனுப்புவார்கள். ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்துச் செட் என்று விற்றால், புதுசு போட்ட பிறகுதான் உண்மையான ஊளை ஆரம்பிக்கும். வாங்குகிறவர்கள் இரண்டிலும் எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்கவேண்டும். இன்னொரு பழைய தந்திரமும் உண்டு: ஊளையிடும் அச்சில் மரத்தூளைக் கலந்து, சத்தத்தை அமுக்கி வண்டியை விற்பது. எண்ணெயில் நார் நாராக எதையாவது பார்த்தால் அது தேய்மானம் அல்ல, மோசடி.

கழுவும் வேலை பாக்கியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு அலசி அப்படியே மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மூலையில் தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். சாச்சா மலிவான எண்ணெயை ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சில நிமிடம் சுற்றவிட்டு, வடித்தார். பிறகுதான் ஹைப்பாய்டுக்கான தொண்ணூறு நம்பர். ஃபில்லர் விளிம்புவரை, ஒரு சொட்டும் கூடாமல். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச்சொன்னார். அப்போதும் லேசாகப் பால் தெரிந்தால் இன்னொரு தடவை மாற்றவேண்டும். மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் ஈரம் ஒரே தடவையில் போகாது.

இந்த ஊர்க்கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; பின்னால் தொப்பை இல்லை. ஆனால் பொலிரோவும் ஈக்கோவும் இன்னோவா கிரிஸ்டாவும் பின்சக்கர இழுவைதான். ஜீப், லாரி, வேன் எல்லாவற்றுக்கும் அந்தத் தொப்பை உண்டு. சென்னை வேளச்சேரியிலும் மும்பை ஹிந்த்மாதாவிலும் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. சக்கர மையத்துக்கு மேல் தண்ணீரில் ஓடிய வண்டி என்றால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு கரண்டி எண்ணெயை வடித்துப் பார்ப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில் கீழ் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும். தண்ணீர் கனமானது, அதுதான் முதலில் வரும்.

வடித்தது எங்கே போகிறது?

இந்தச் சந்தின் ஓரத்தில் சாக்கடை ஓடுகிறது. பழைய எண்ணெயை அதில் கவிழ்ப்பதைப்போல் சுலபமான வேலை வேறில்லை. கொல்கத்தாவில் அதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. இந்தச் சாக்கடைகளெல்லாம் கிழக்கே போய்ச் சேருவது 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தாச் சதுப்பு நிலத்தில். நகரத்தின் கழிவுநீரை வெயிலும் பாசியும் சுத்தம் செய்ய, அதே நீரில் மீன் வளர்க்கிறார்கள், காய்கறி பயிரிடுகிறார்கள். 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்த அதிசயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், 2018இல் காலமான பொறியாளர் துருவஜோதி கோஷ். மனிதக் கழிவைப் பாசி தின்றுவிடும். கியர் ஆயிலைத் தின்னாது. நீரின்மேல் அது படலமாகப் படர்ந்தால் வெயிலும் காற்றும் கீழே இறங்காது. மல்லிக் பஜாரில் கவிழ்க்கும் எண்ணெய்க்கும் இந்த ஊர்ச் சாப்பாட்டுத் தட்டிலுள்ள மீனுக்கும் இடையே இருப்பது சில கிலோமீட்டர் வாய்க்கால்தான்.

சட்டப்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போகவேண்டும். சட்டம் எல்லாச் சந்துக்குள்ளும் நுழைவதில்லை. சாச்சாவின் கடையில் ஒரு நீல டிரம் இருக்கிறது. வடித்த எண்ணெயை அதில்தான் ஊற்றுகிறார். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து காசு கொடுத்து அள்ளிப்போகிறார். அங்கிருந்து அது முறையாகச் சுத்திகரிக்கப் போகிறதா, புது டப்பாவில் நிரம்பிப் போலி எண்ணெயாகத் திரும்பி வருகிறதா என்று கேட்டால், மூடி உடைந்த டப்பாவை எவனிடமும் வாங்காதே, காலி டப்பாவைத் துளையிடாமல் எறியாதே என்று இரண்டு புத்திமதிகளோடு நிறுத்திக்கொள்கிறார்.

பிரீதருக்குப் பதில் வேறு யோசனையும் அவரிடம் இருந்தது. மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, தண்ணீர் எட்டாத உயரத்தில், டிக்கியின் மூலைவரை ஏற்றிக் கட்டிவிட்டார். மலைப்பாதை ஜீப்காரர்கள் செய்துகொள்ளும் வேலை. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. ஓட்டுனர் குனிந்து பார்த்துவிட்டு, இதை முன்பே யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குழாயை விற்றால் என்ன கிடைக்கும், செட் விற்றால்தானே கிடைக்கும் என்றார் சாச்சா.

இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் போதும் அந்த வண்டிக்கு. அதற்குப் பிறகு அதுவும் இதே பஜாருக்கு வந்து, கதவு தனி, கண்ணாடி தனி என்று பிரியும். சுவரில் சாயப்போகும் அந்தத் தொப்பையைத் திறந்து பார்ப்பவருக்கு உள்ளே தேன் நிறம் தெரியும்.